அவாங்கார்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

மரபை உடைத்து முன்னால் போகும் கலையைப் பிரெஞ்சுச் சொல்லால் அவாங்கார்ட் (avant-garde) என்கிறார்கள். திரைப்பட விழா அறிவிப்புகளில் 'அவாங்கார்ட் குறும்படம்' என்று போட்டுவிட்டுப் பக்கத்திலேயே 'பரிசோதனைப் படம்' என்று விளக்கமும் தருகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

பிரெஞ்சில் அவாங் என்றால் முன், கார்ட் என்றால் காவல். படை நகரும்போது எல்லோருக்கும் முன்னால் போய், எதிரியின் முதல் அடியை வாங்குகிற பிரிவுக்கு அந்தப் பெயர். 1825இல் பிரெஞ்சுச் சமூகச் சிந்தனையாளர் சேன் சிமோனின் வட்டத்தார் எழுதிய ஒரு கட்டுரை, சமூகத்தை மாற்றும் வேலையில் கலைஞர்கள்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று இந்தப் போர்ச்சொல்லைக் கலைக்குக் கொண்டுவந்தது. புதிய வடிவம், புதிய உத்தி என்ற பொருளெல்லாம் அப்புறம் ஏறியவை.

பரிசோதனை என்பது உத்தியை மட்டும் சொல்கிறது. போலந்தின் திரைப்படக் கலைஞர்களான ஸ்டெஃபான், ஃபிரான்சிஷ்கா தெமெர்சன் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, அதில் பொருட்களை வைத்து, மேலிருந்து வெளிச்சம் பாய்ச்சிக் கீழிருந்து படம்பிடித்தார்கள். இது பரிசோதனை, சரி. ஆனால் அவர்களுடைய 'யூரோப்பா' படத்தின் பிரதி போரின்போது பாரிஸில் நாஜிகள் கையில் சிக்கியது. ஸ்டெஃபான் பிரான்ஸிலும் ஃபிரான்சிஷ்கா லண்டனிலுமாக 1940 முதல் 1942 வரை பிரிந்து கிடந்தார்கள். சேர்ந்த பிறகு 1943இல், போலந்துப் பண்பாட்டை நாஜிகள் அழிப்பதை உலகத்துக்குச் சொல்ல 'காலிங் மிஸ்டர் ஸ்மித்' என்ற சுமார் பத்து நிமிடப் படத்தை எடுத்தார்கள். யூரோப்பா அழிந்துவிட்டது என்றே நினைத்து 1988இல் இருவரும் இறந்துபோனார்கள். அந்தப் பிரதி 2019இல் ஜெர்மன் அரசு ஆவணக்காப்பகத்தில் கிடைத்தது. எதிரியின் அடியை வாங்கியும் முன்னால் நின்ற இவ்வளவையும் 'பரிசோதனை' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, தமிழில்? 'முன்னணி' என்று எழுதுகிறார்கள். ஆனால் முன்னணி நடிகர், முன்னணி நிறுவனம் என்று சொல்லிச் சொல்லி அது சந்தையில் முதலிடம் பிடித்தவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது, கிட்டத்தட்ட நேர் எதிர்ப் பொருள். 'முன்னோடி'யும் ஒத்துவராது, பின்னால் ஆள் வந்த பிறகுதான் ஒருவரை முன்னோடி என்கிறோம். பழந்தமிழில் அருமையான சொற்கள் உண்டு. "தார்தாங்கிச் செல்வது தானை" என்ற குறளில் (767) வரும் தார், முன்னே வரும் படைதான்; பரிமேலழகர் அதைத் தூசி என்கிறார். இன்று தார் என்றால் சாலையும் தூசி என்றால் அழுக்கும்தான் நினைவுக்கு வரும், அதனால் மீட்டெடுப்பது கஷ்டம்.

என் தேர்வு 'முன்படை'. கேட்டதும் புரிகிறது, போரின் வாடையும் போகவில்லை. முன்படைக் கலை, முன்படைச் சினிமா, முன்படைக் குறும்படம் என்று தயங்காமல் எழுதலாம். உத்தியை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் பரிசோதனைப் படம் என்பது அப்படியே இருக்கட்டும்.