துடைக்கும் முன்: சேந்த் ஷாப்பெல் கண்ணாடிகள் சொல்வது

பழைய தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிகளைச் சீரமைப்பது என் தொழில். ஒருமுறை சிறிய ஊர் ஒன்றிலிருந்து ஒரு சாளரத் துண்டு பட்டறைக்கு வந்தது. ஒளிமேசையில் வைத்துப் பார்த்தால் புனிதரின் அங்கி இருக்கிறது, கை இருக்கிறது, முகத்தில் கண்ணும் வாயும் இல்லை. திருவிழாவுக்காக யாரோ பக்தியோடு சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

கழுவினால் முகம் எப்படிப் போகும்? நிறம் கண்ணாடியோடு சேர்த்து உருக்கியது, நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு. அது போகாது. ஆனால் கண், விரல், துணி மடிப்பெல்லாம் பிறகு தூரிகையால் தீட்டியவை. இரும்பு அல்லது செம்பு ஆக்சைடைக் கண்ணாடிப் பொடியோடு குழைத்து, பெரும்பாலும் உட்பக்கத்தில் எழுதிச் சூளையில் சுடுவார்கள். நாளாக நாளாக அந்தக் கோடு பிடிப்பு விட்டுவிடும். போதாததற்கு, இடைக்காலக் கண்ணாடி மரச்சாம்பல் சேர்த்துச் செய்தது, ஈரம் பட்டாலே அரிக்கும்.

இதை நினைக்கும்போதெல்லாம் பாரிஸின் சேந்த் ஷாப்பெல் தேவாலயம்தான் கண்முன் வரும். இயேசுவின் முள்முடி என்று நம்பப்பட்ட ஒன்று வெனிஸ்காரர்களிடம் அடகில் கிடந்தது. பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி 1239-ல் அதை 1,35,000 லிவர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) கொடுத்துப் பெற்றார். அதை வைக்க அரண்மனைக்குள் கட்டிய இந்தக் கோயிலுக்கு ஆன செலவு சுமார் 40,000 லிவர்தான்! 1248 ஏப்ரல் 26 அன்று அர்ச்சிப்பு நடந்தது. கீழ்த்தளம் அரண்மனை ஊழியர்களுக்கு, மேல்தளம் மன்னருக்கு. மேலே ஏறினால் சுவரே கண்ணில் படாது. சுமார் 15 மீட்டர் உயரமுள்ள 15 சாளரங்கள், 1,113 காட்சிகள். இவ்வளவு கண்ணாடிக்கு நடுவில் கல் விலகிவிடாமல் இரும்புப் பட்டைகள் மறைவாகச் சுற்றி இழுத்துப் பிடிக்கின்றன. போகிறவர்கள் கதையைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஒரு சாளரத்தில் முள்முடி பாரிஸ் வந்து சேர்ந்த கதையே இருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இந்த இடம் ஆவணக் கிடங்காயிற்று. அலமாரிகளுக்காகச் சாளரங்களின் அடியில் சுமார் 2 மீட்டர் கண்ணாடியைக் கழற்றினார்கள். அதில் சில துண்டுகள் இன்று லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதைவிட என்னை உறுத்துவது 1945-ல் நடந்தது. பாதுகாக்கத்தான் வெளிப்பக்கம் வார்னிஷ் பூசினார்கள், அதுவே கறுத்துப்போய் ஓவியங்களை மறைத்தது. 2008-ல் தொடங்கி 2015 வரை லேசர் வைத்துப் பொறுமையாகச் சுத்தம் செய்து, வெளியே இன்னொரு கண்ணாடியைக் காப்பாகப் பொருத்தினார்கள். இப்போது மழை அந்தக் காப்புக் கண்ணாடியில்தான் படும்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் தேவாலயத்தில் ஓவியம் தீட்டிய கண்ணாடி இருந்தால் தண்ணீர், சோப்பு, வார்னிஷ் எதுவும் வேண்டாம். உலர்ந்த துணியால்கூடத் துடைக்காதீர்கள். துண்டு உதிர்ந்தால் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். இப்போதே எல்லாவற்றையும் நெருக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.

எங்களிடம் வந்த புனிதருக்கு இன்னும் முகம் எழுதவில்லை. பழைய கண்ணாடியின் மேல் எழுத மாட்டோம், பின்னால் வைக்கும் மெல்லிய தனிக் கண்ணாடியில்தான் எழுதுவோம். அதற்கு அந்த முகம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே. ஊர்க்காரர்கள் பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள், மணமக்களுக்குப் பின்னால் அந்தச் சாளரம் தெரிகிறதா என்று.