பாம்பு எப்போது தெரிய வேண்டும்?

ஏற்கெனவே படித்த கதை, முடிவும் தெரியும், ஆனாலும் அந்த இடம் வந்தால் நெஞ்சு படபடக்கிறதே, ஏன்? வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

பதிலுக்கு முன் ஒரு சம்பவம். ராத்திரி பைக்கில் தொங்கிய ஹெல்மெட்டுக்குள் ஒரு கட்டுவிரியன் புகுந்துகொள்கிறது. காலையில் குமார் காபி குடிக்கிறான், சாவியைத் தேடுகிறான், ஹெல்மெட்டை மாட்டுகிறான், கடிபடுகிறான். அவ்வளவுதான் கதை.

பாம்பு புகுந்ததைச் சொல்லாமல் காபி, சாவி, ஹெல்மெட் என்று போய்ச் சட்டென்று கடிக்கவிட்டால் படிப்பவருக்குத் திடுக்கிடல். குமார் ஆஸ்பத்திரியில் கிடப்பதிலிருந்து தொடங்கினால் 'என்ன ஆச்சு?' என்ற ஆர்வம். துப்பறியும் கதைகள் பிழைப்பதே இதில்தான். பாம்பை முதல் வரியிலேயே காட்டிவிட்டால் பதற்றம். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக உளவியலாளர்கள் வில்லியம் புரூவரும் எட்வர்ட் லிக்டென்ஸ்டைனும் 1980களின் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்: நடந்த வரிசை ஒன்று, சொல்லும் வரிசை இன்னொன்று. எதை முன்னால் சொல்கிறோம், எதைத் தள்ளிப்போடுகிறோம் என்பதைப் பொறுத்து உணர்ச்சி மாறும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை. 'சாவி மேசையில் இல்லை. சட்டைப் பையிலும் இல்லை.' திடுக்கிடல் கதையில் இது வெறும் இட்டுநிரப்பல், கண் தாண்டிப் போய்விடும். பாம்பைப் பார்த்துவிட்ட வாசகருக்கோ, அந்தச் சாவி கிடைக்காமலே போகட்டும் என்றிருக்கும். ஒரு எழுத்துகூட மாறவில்லை! பாம்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. இனி எழுத்தாளர் காபியை எவ்வளவு நேரம் ஆற்றினாலும் நாம் காத்திருப்போம்.

இந்த நேரத்தில் மூளை என்ன செய்கிறது? 2015இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் உள்ளிட்டோரின் படக்காட்சிகளைத் திரையின் நடுவில் ஓடவிட்டு, ஓரங்களில் சதுரங்கப்பலகைக் கட்டங்களை மினுக்கவிட்டு, பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பதற்றம் ஏற ஏற, கண் பார்ப்பதை அலசும் மூளைப்பகுதியான பார்வைப் புறணியில் ஓரக்காட்சிகளைக் கவனிக்கும் பகுதி அடங்கியது. நடுக்காட்சிக்கான பகுதி சுறுசுறுப்பானது. பதற்றம் தணிந்ததும் ஓரம் திரும்ப விழித்துக்கொண்டது. 'சுற்றி நடந்ததே தெரியவில்லை' என்று சொல்கிறோமே, அது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. இது சினிமாவை வைத்துச் செய்த சோதனை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சரி, வாசகரின் கேள்விக்கு வருவோம். அந்த மூளை ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் 1980களிலேயே இதைத் துருவியவர். ஒவ்வொரு அனுபவத்தையும் புதிதாகவே எதிர்கொள்ளப் பழகியது நம் மனம். கதைக்குள் மூழ்கியிருக்கும்போது 'இதன் முடிவு நமக்குத் தெரியுமே' என்று நினைவைக் கிளறப் போவதில்லை என்பது அவர் விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. அபிமன்யு சாகப்போகிறான் என்று தெரிந்துதானே ஊரே விடிய விடியக் கூத்து பார்க்கிறது?

ஸ்கேனருக்குக் கோடிக்கணக்கில் செலவாகும். ஆனால் புரூவர் குழு, படிப்பவர்களைக் கதையின் நடுவே ஆங்காங்கே நிறுத்தி, 'இப்போது பதற்றம் எவ்வளவு?' என்று மதிப்பெண் போடச் சொன்னதற்குக் காகிதமும் பென்சிலும் போதும். நம் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் தமிழ்த்துறையும் உளவியல் துறையும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. கூத்து பார்க்க உட்கார்ந்திருப்பவர்களிடம் இதே கேள்வியைக் கேட்கப் பெரிய நிதியெல்லாம் வேண்டாம். இரண்டு துறைத்தலைவர்களும் சேர்ந்து ஒரு டீ குடித்தாலே ஆரம்பித்துவிடலாம்.