ஆயில் கூட இருந்தா நல்லதுதானேண்ணே?

போன ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணி இருக்கும், நம்ம கார் ஒர்க்ஷாப் லீவு, கறி எடுத்துட்டு வந்து அப்பதான் உக்காந்தேன், போன். தெரிஞ்ச தம்பிதான், ரெண்டு வருஷமா நம்மகிட்ட வண்டி விடுறவன். "அண்ணே, மேலூர் போயிட்டிருந்தேன், பின்னாடி நீலமா புகை வருதுண்ணே, ஒத்தக்கடை தாண்டி ஓரமா நிப்பாட்டிட்டேன்." என்னடா பண்ணுனேன்னு கேட்டா, நேத்து நைட்டு வீட்லயே காருக்கு எஞ்சின் ஆயில் மாத்துனானாம், முதல் தடவையாம், வீடியோ பாத்து அப்படியே பண்ணுனானாம். "அளந்துதான் 3 லிட்டர் ஊத்துனேண்ணே. ஒருவேளை கொஞ்சம் கூட போயிருக்குமோ என்னமோ. ஆனா கூட இருந்தா நல்லதுதானேண்ணே?"

இந்த கடைசி கேள்விக்காகத்தான் இதை எழுத உக்காந்தேன். இந்த வருஷத்துல இதே கேள்வியோட வந்த மூணாவது வண்டி இது.

போய் பானட்டை தூக்கி, ஆயில் மட்டம் பாக்கிற குச்சி, அந்த டிப்ஸ்டிக்கை உருவுனேன். துடைச்சிட்டு திரும்ப விட்டு எடுத்தா ஃபுல் கோட்டுக்கு மேல நாலு விரக்கடைக்கு ஆயில் நிக்குது, பூரா பொடிப்பொடியா நுரை. 3 லிட்டர் புடிக்கிற எஞ்சின்ல 3 லிட்டர் ஊத்துனா எப்படி இந்த அளவுக்கு ஏறும்? "பழைய ஆயில் எங்கடா?" டிக்கில ஒரு தண்ணி கேன்ல ஊத்தி வெச்சிருந்தான். வாங்கி வெயில்ல தூக்கிப் புடிச்சேன், தேன் கலர்ல அந்தப் பக்கம் தெரியிற மாதிரி இருக்கு. மூடியை தொறந்தா குப்புனு கந்தக வாடை. அளவும் ரெண்டு லிட்டர் சொச்சம்தான்.

அது எஞ்சின் ஆயிலே கிடையாது, கியர்பாக்ஸ் ஆயில்.

தம்பி வண்டிக்கு அடியில படுத்து, கண்ணுல பட்ட முதல் போல்ட்டை கழட்டியிருக்கான். முன் வீல் டிரைவ் வண்டில எஞ்சினும் கியர்பாக்ஸும் பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்திருக்கும், ரெண்டுக்கும் கீழ ஆயிலை இறக்குற டிரெயின் போல்ட் இருக்கும், புதுசா பாக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆக பழைய எஞ்சின் ஆயில் 3 லிட்டர் அப்படியே உள்ள இருக்க அதுமேல புதுசு 3 லிட்டர், அந்தப் பக்கம் கியர்பாக்ஸ் காஞ்சு கெடக்கு, இப்படியே பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டியிருக்கான். ஆயில்ல இருக்கிற அழுக்கை வடிகட்டுற ஃபில்டரை அடுத்த தடவை பாத்துக்கலாம்னு விட்டுட்டானாம், அதை கழட்டியிருந்தா கூட கருப்பா ஒழுகி சந்தேகம் வந்திருக்கும்.

எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடுன எஞ்சின் ஆயில் தேன் மாதிரி வராதுங்க. பெட்ரோல் வண்டின்னா அடர் பழுப்புல இருந்து கருப்பு வரைக்கும் வரும், டீசல்னா மை மாதிரி வரும், அதுலயும் டீசல்ல புது ஆயில் ஊத்துன கொஞ்ச நாள்லயே கருத்துரும், அதைப் பாத்து ஆயில் கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேண்டாம், அழுக்கை அது தன்னோட எடுத்துக்குது, அதான் அதோட வேலை. ஆனா டிரெயின் பண்ணும்போது தெளிவா வந்துச்சுன்னா, இல்ல மேனுவல்ல 3 லிட்டர்னு போட்டிருக்க ரெண்டுதான் வந்துச்சுன்னா, அங்கயே நிறுத்துங்க. தப்பு நடந்துருச்சுன்னு வண்டியே உங்களுக்கு சொல்லுது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ற வரைக்கும் இந்த தப்பு செலவு கம்மியான தப்புதான். அப்ப ஒரு போன் பண்ணியிருந்தா ரெண்டு லிட்டர் கியர் ஆயிலோட முடிஞ்சிருக்கும்.

சரி, அந்த "கூட இருந்தா நல்லது"க்கு வர்றேன். இது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு தெரியும். நான் தொழில் கத்துக்கும்போது அம்பாசிடரும் ஜீப்பும் ஆயில் குடிக்கும், அங்கங்க ஒழுகவும் செய்யும், டிரைவருங்க எப்பவும் டிக்கில ஒரு லிட்டர் கேன் வெச்சிருப்பாங்க, அரை லிட்டர் கூட கெடந்தா ஊருக்கு போய் சேர்றதுக்குள்ள அது சரியாயிரும். அந்த பழக்கம் அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கு வந்திருக்கு. இப்ப ஓடுற வண்டி ஆயில் குடிக்கிறதே அபூர்வம், கூட ஊத்துனா அது போக இடமில்ல.

உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. கீழ ஆயில் தேங்குற தொட்டிக்கு நேர் மேல கிராங்க், அதாவது பிஸ்டன் மேலயும் கீழயும் போறதை சுத்தா மாத்துற தண்டு, சுத்திக்கிட்டிருக்கு. ஹைவேஸ்ல நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் சுத்து. ஆயில் மட்டம் அந்த கிராங்க்ல படாத உயரத்துலதான் நிக்கணும்னு கணக்கு பண்ணித்தான் டிப்ஸ்டிக்ல கோடே போட்டிருக்கான். நீங்க கூட ஊத்துனா கிராங்க் ஆயில்ல முங்கும், முங்குனா தயிர்ல மத்தை விட்டு கடைஞ்ச மாதிரி கடையும். கடைஞ்சா நுரை. ஆயில் பம்ப் அந்த நுரையைத்தான் இழுத்து மேல அனுப்பும், நுரைல பாதி காத்து, காத்து போய் பேரிங்குக்கு நடுவுல நின்னு என்ன பண்ணும்? உலோகமும் உலோகமும் உரசும். ஆயில் கூட ஊத்துன வண்டிலயும் ஆயில் இல்லாத வண்டில வர்ற அதே டப்பட் சத்தம் (எஞ்சின் மேல டிக்டிக்னு தட்டுற சத்தம்) வர்றது இதனாலதான், சத்தத்தை கேட்டுட்டு குறையுதுன்னு நினைச்சு இன்னும் அரை லிட்டர் ஊத்துன ஆளையும் பாத்திருக்கேன். அதுக்கு மேல, மிச்ச ஆயில் பிரீதர்ங்கிற காத்து வெளியேறுற குழாய் வழியா ஏறி, எஞ்சின் காத்து இழுக்கிற இன்டேக்குக்குள்ள போய் எரியும், அதான் தம்பிக்கு வந்த நீலப் புகை. அந்த புகை போற வழில ஆக்ஸிஜன் சென்சார் இருக்கு, புகையை சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கு, அது ரெண்டும் என்ன விலைன்னு விசாரிச்சு பாருங்க. டீசல் வண்டின்னா இன்னும் மோசம், உள்ள ஏறுன ஆயிலையே எரிபொருளா எடுத்துக்கிட்டு எஞ்சின் தன்னால கத்த ஆரம்பிச்சா சாவியை ஆஃப் பண்ணுனாலும் நிக்காது. அந்த சத்தத்தை ஒருக்கா கேட்டவன் ஜென்மத்துக்கும் கூட ஊத்த மாட்டான்.

பெரும்பாலான கார்ல டிப்ஸ்டிக்ல கீழ் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு லிட்டர் இடம் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல எங்க நின்னாலும் வண்டி ஓடும். மேல் கோட்டை ஒட்டி கொஞ்சம் கீழ நின்னா ரொம்ப நல்லது. மேல் கோட்டை தாண்ட வேண்டாம், அவ்வளவுதான் கேக்குறேன்.

"கூட"ங்கிற வியாதி ஆயிலோட நிக்கிறதில்ல, ஸ்பானர்லயும் இருக்கு. டிரெயின் போல்ட் இரும்பு, அது ஏறுற ஆயில் சம்ப், அதான் கீழ இருக்கிற ஆயில் தொட்டி, நிறைய வண்டில அலுமினியம். லீக் ஆயிருமோன்னு பயந்து ஸ்பானர் மேல பைப்பை மாட்டி முறுக்குவாங்க, அப்ப ஒண்ணும் தெரியாது, அடுத்த தடவை போல்ட்டை கழட்டும்போது மரைல வெள்ளி ஜரிகை மாதிரி அலுமினியம் சுருள் சுருளா சுத்திக்கிட்டு வரும். சம்ப்போட மரை முழுசா கையோட வந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஹெலிகாயில்னு புது மரைக்கான கம்பிச் சுருள் போடணும், இல்ல சம்ப்பையே மாத்தணும். பல சின்ன பெட்ரோல் கார்ல அந்த போல்ட்டுக்கு 35 நியூட்டன் மீட்டர் சுத்தித்தான் டார்க், அதாவது முறுக்குற அளவு, சொல்லியிருக்கான் (உங்க வண்டிக்கு மேனுவல்ல பாத்துக்கங்க). கணக்கு புரியலன்னா இப்படி வெச்சுக்கங்க, கால் மீட்டர் நீள ஸ்பானரோட நுனில ஒரு 14 கிலோவை தொங்கவிட்டா அவ்வளவுதான் 35. ஒத்தக்கையால ஒரு அழுத்து. லீக்கை தடுக்கிறது உங்க பலம் கிடையாது, அந்த போல்ட்டுக்கு கீழ இருக்கிற வாஷர். ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போடுங்க, டீக்காசு கூட ஆகாது. போல்ட்டை முதல்ல விரலாலயே ஏத்துங்க, ஆரம்பத்துலயே இறுகுச்சுன்னா குறுக்க ஏறுதுன்னு அர்த்தம், கழட்டிட்டு திரும்ப ஆரம்பிங்க.

ஃபில்டருக்கு ஸ்பானரே வேண்டாம், கைதான். பழைய ஃபில்டரை கழட்டுனதும் அதோட ரப்பர் வாஷர் கூடவே வந்துருச்சான்னு தடவிப் பாருங்க, சில சமயம் எஞ்சின்லயே ஒட்டிக்கும், அதுமேல புது ஃபில்டரை மாட்டுனா ரெண்டு ரப்பரு, ரோட்டுல போகும்போது பிதுங்கி மொத்த ஆயிலும் கொட்டிரும். புது ரப்பர்ல விரலால கொஞ்சம் ஆயில் தடவி, ஒட்டுன பிறகு முக்கா சுத்து.

கெட்டி ஆயில் பத்தியும் சொல்லிடுறேன். டப்பால இருக்கிற 0டபிள்யூ-20 மெல்லிசு ஆயில், 20டபிள்யூ-50 கெட்டி ஆயில். வர்றவங்க சொல்வாங்க, "0டபிள்யூ-20 தண்ணி மாதிரி இருக்கு, கடைக்காரர் 20டபிள்யூ-50 குடுத்தாரு, கெட்டியா இருக்கும், நம்ம வெயிலுக்கு தாங்கும்னாரு." அந்த எஞ்சினோட இடுக்கெல்லாம் மெல்லிசு ஆயிலுக்குன்னே அளவெடுத்து செஞ்சது. மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதை வாங்குங்க. புது புகை விதிப்படி வந்த பிஎஸ்6 டீசல்ல டிபிஎஃப் (புகைக்கரியை புடிக்கிற ஃபில்டர்) இருந்தா அதுக்குன்னு சாம்பல் கம்மியான ஆயில் தனியா இருக்கு, அதுல மட்டும் விளையாடாதீங்க.

இப்ப சொல்லப் போறதுக்கு கோவிச்சுக்காதீங்க, கத்தித்தான் சொல்வேன். ஜாக்கி மேல நிக்கிற வண்டிக்கு அடியில போகாதீங்க. டிக்கில இருக்கிற அந்த ஜாக்கி ஸ்டெப்னி மாத்த மட்டும்தான். அதுக்கு அண்டக்குடுத்து ஹாலோ பிளாக் கல்லு வைக்கிறதும் வேண்டாம், அது சுவர் கட்டுற கல்லு, ஒரு ஓரத்துல பாரம் விழுந்தா முன்னறிவிப்பே இல்லாம பொலபொலன்னு நொறுங்கும். ஜாக்கி ஸ்டாண்ட் ரெண்டு வாங்குங்க, சமமான சிமெண்ட் தரைல நிப்பாட்டுங்க, ஹேண்ட்பிரேக் போட்டு பின் வீலுக்கு கட்டை குடுங்க, உள்ள போறதுக்கு முன்னாடி வண்டியை நல்லா ஒரு உலுக்கு உலுக்கிப் பாருங்க. வீட்ல ஒரு ஆள்கிட்ட சொல்லிட்டு படுங்க. ஸ்டாண்ட் வாங்க காசில்லன்னா ஆயில் மாத்துறதை கடைக்கே விட்டுருங்க, அதுல ஒரு அவமானமும் இல்ல. முழங்கை வரைக்கும் கை மேல வண்டி இறங்குன ஒரு பையனை நான் ஆட்டோல ஏத்தி ஜிஎச்சுக்கு கூட்டிட்டு போயிருக்கேன், தயவு செஞ்சு கேளுங்க.

எஞ்சினை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு வெதுவெதுப்புல டிரெயின் பண்ணுங்க, இப்பதான் ஊர்ல இருந்து வந்து நிப்பாட்டுன வண்டில கைய வெச்சீங்கன்னா தோல் வெந்துரும். எது எஞ்சின் போல்ட்டுன்னு மேனுவல்ல படத்தை பாத்து, டார்ச் அடிச்சு ரெண்டு தடவை உறுதி பண்ணுங்க. அப்பவும் சந்தேகம்னா போல்ட்டை போட்டோ எடுத்து ஒரு மெக்கானிக்குக்கு அனுப்புங்க. கணக்குக்கு அரை லிட்டர் கம்மியா ஊத்தி, முப்பது செகண்ட் ஓடவிட்டு, ஆயில் லைட் அணையுதான்னு பாத்து, அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. லைட் அணையலன்னா உடனே ஆஃப். மேல மூடியை போட்டாச்சா, துடைச்ச துணியை எஞ்சின் மேல மறந்து வெச்சிருக்கீங்களான்னு ஒரு பார்வை.

பழைய ஆயிலை சாக்கடைல ஊத்தாதீங்க, கரையானுக்குன்னு மரத்தடில ஊத்தாதீங்க. அது 2016 விதிப்படி அபாயகரமான கழிவு. எந்த ஒர்க்ஷாப்புக்கு கொண்டு போனாலும் எங்க பேரல்ல ஊத்திக்கிறோம், ரீசைக்கிள்காரங்க வந்து எடுத்துக்குவாங்க. காலி கேனை ஒரு ஆணில ஓட்டை போட்டு தூக்கிப் போடுங்க, முழுசா போட்டா அதுலயே போலி ஆயிலை ரொப்பி திரும்ப உங்ககிட்டயே விப்பாங்க.

அந்த தம்பி வண்டியை டோ பண்ணித்தான் கொண்டு வந்தோம். எஞ்சின்ல இருந்து மொத்தத்தையும் இறக்கி ஃபில்டரோட புதுசா ஊத்தியாச்சு, ஒரு நாள் புகைஞ்சிட்டு நின்னுருச்சு. கியர்பாக்ஸ் போல்ட்டை கழட்டுனா அதோட காந்தத்துல விபூதி மாதிரி மெல்லிசா இரும்புப் பொடி அப்பியிருந்துச்சு. ஆயில் ஊத்தி ஓட்டிப் பாத்தேன், எல்லா கியரும் விழுது, ஆனா மூணாவதுல அறுபதை தாண்டும்போது ஒரு ஊளைச் சத்தம் வருது. பாக்ஸை இறக்கி பேரிங் பாத்துரலாம்னு சொல்லியிருக்கேன், சம்பளம் வந்ததும் விடுறேன்னு சொல்லியிருக்கான்.