ஜர்னிமேன்: பயணியா, நாட்கூலியா?

அமெரிக்கக் கால்பந்தில் சிலரைக் குறிக்கும் ‘ஜர்னிமேன் கார்னர்பேக்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு நண்பர் கேட்டார். ‘பயணிக்கும் வீரர்’ என்று அவரே ஒன்று போட்டும் பார்த்திருந்தார். ஜர்னி என்றால் பயணம், அணி விட்டு அணி போகிறவர், அதனால் பயணி. கேட்க சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லின் வேர் அங்கே இல்லை.

அந்த ‘ஜர்னி’ பிரெஞ்சு ‘ஜூர்னே’யிலிருந்து வந்தது. இன்றைக்கும் பிரெஞ்சில் அதற்கு ஒரு பகல், ஒரு நாள் என்றுதான் பொருள். லத்தீனில் நாளைக் குறிக்கும் சொல்லில் போய் முடியும் வேர் அது. ஜர்னல் என்ற சொல்லும் இதே குடும்பம்தான், நாம் நாளிதழ், நாளேடு என்கிறோமே, அதே நாள். ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் என்ற பொருள் வந்து, அது விரிந்து பயணம் ஆனது பிந்தைய கதை. ஜர்னிமேனில் ஒட்டிக்கொண்டிருப்பது நாள் வேலை. நாளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆள்.

ஆனால் வெறும் கூலியாள் இல்லை. ஐரோப்பியக் கைத்தொழில் சங்கங்களில் மூன்று படி இருந்தது. முதலில் பயிலாள், இங்கிலாந்தில் 1563-ல் வந்த சட்டம் குறைந்தது ஏழு ஆண்டு பயிலவேண்டும் என்றது. பயிற்சி முடித்தவர் ஜர்னிமேன். சொந்தப் பட்டறை வைத்து ஆள் சேர்த்துக்கொள்பவர் மாஸ்டர். ஆக, தொழில் முழுசாகத் தெரியும், பட்டறை மட்டும் சொந்தமில்லை. ஜெர்மனியில் இந்த நடுப்படிக்காரர்கள் மூன்று ஆண்டும் ஒரு நாளும் சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டருக்குள் வராமல் ஊர் ஊராக வேலை செய்யும் வழக்கம் உண்டு, இன்றும் சிலர் போகிறார்கள்.

நம் ஊர்க் கட்டட வேலையில் இந்தப் படிகள் அப்படியே இருக்கின்றன. சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. கரண்டியும் மட்டப்பலகையுமாக வந்து, தொழில் சுத்தமாகச் செய்து, சாயங்காலம் அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகிற கொத்தனார்தான் அசல் ஜர்னிமேன். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று: மேஸ்திரி என்பது போர்ச்சுகீசிய ‘மெஸ்த்ரே’யிலிருந்து வந்தது, மாஸ்டரும் மெஸ்த்ரேயும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. மேல்படிக்கு அவர்கள் சொல்லையே எடுத்துக்கொண்டோம், நடுப்படிக்கு நம் சொல்லே போதுமானதாக இருந்தது.

சரி, விளையாட்டுக்கு வருவோம். அங்கே இந்தச் சொல்லில் இரண்டு பொருள் கலந்திருக்கும்: நட்சத்திரம் இல்லை, ஆனால் நம்பி இறக்கலாம் என்பது ஒன்று, பல அணிகளுக்கு ஆடியவர் என்பது இன்னொன்று. இரண்டாவது மட்டும் போதாது. புகழ்பெற்ற கார்னர்பேக் டியான் சாண்டர்ஸ் ஐந்து அணிகளுக்கு ஆடினார், 1994 சீசனில் சான்பிரான்சிஸ்கோவோடும் 1995 சீசனில் டல்லஸோடும் சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்றார், அவரை யாரும் ஜர்னிமேன் என்பதில்லை. அவரை அணிகள் தேடி வந்தன. ஜர்னிமேன் வேலை தேடிப் போகிறவர்.

கார்னர்பேக் என்பவர் மைதானத்தின் ஓரத்தில், பந்து வாங்க ஓடுகிறவருக்கு எதிரே நின்று, பின்னோக்கி ஓடியபடியே அவரைக் காக்க வேண்டியவர். ஓரக் காவலர் எனலாம். கால் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் ஊரே பார்க்கத் தெரிந்துவிடும். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-லில் அணி ஒன்று கோடைப் பயிற்சிக்கு 90 பேரைக் கூட்டி, சீசன் தொடங்கும் முன் 53 பேராகக் குறைக்கும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் முழுத் தொகைக்கும் உத்தரவாதம் கிடையாது. நாள் கணக்கு இல்லையே தவிர, நிலைமை நாட்கூலியின் நிலைமைதான்.

பிராண்டன் பிரௌனரை எடுத்துக்கொள்ளுங்கள். 6 அடி 4 அங்குலம், ஓரக் காவலருக்கு அது அசாதாரண உயரம். 2005-ல் புது வீரர்களுக்கான ஆண்டுத் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. டென்வர் சேர்த்துக்கொண்டது, கை முறிந்தது, அடுத்த ஆண்டு அனுப்பிவிட்டார்கள். கனடாவுக்குப் போய் கால்கேரி அணியில் நான்கு சீசன், 2008-ல் கனடா லீக்கின் கிரே கோப்பை. 2011-ல் சியாட்டில், அந்த ஆண்டே சிறந்த வீரர்கள் ஆடும் ப்ரோ பவுல். அப்புறம் நியூ இங்கிலாந்து, அப்புறம் நியூ ஆர்லியன்ஸ்.

2015 பிப்ரவரி 1, அரிசோனா, சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24. சியாட்டில் கையில் பந்து, புள்ளி எடுக்கும் கோட்டுக்கு ஒரு கஜம், அரை நிமிடம்கூட மிச்சமில்லை. ஓரத்தில் சியாட்டில்காரர்கள் இருவர் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள்: முன்னவர் கெர்ஸ் வழியை மறிக்க, பின்னவர் லாக்கெட் பந்து வாங்க. எதிரே இப்போது நியூ இங்கிலாந்துக்கு ஆடும் பிரௌனர், அவருக்குப் பின்னால் அதே அணியின் மால்கம் பட்லர். மூன்று சீசன் சியாட்டில் அணிக்குள்ளேயே இருந்த பிரௌனர், பந்து நகர்ந்ததும் கெர்ஸின் மார்பில் இரு கையையும் வைத்து நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டார். பட்லருக்கு வழி திறந்தது, அவர் பாய்ந்து பந்தைப் பறித்தார், ஆட்டம் அங்கேயே முடிந்தது. புகழ் பட்லருக்குப் போனது, அதில் தப்பில்லை, ஆனால் அந்த இரண்டு கை இல்லாமல் அது நடந்திருக்காது. பழைய பட்டறையில் கற்ற வேலை புதிய பட்டறையில் உதவியது. (அவர் வாழ்க்கையின் பின்பகுதி வேறு, 2018-ல் கொலை முயற்சி வழக்கில் எட்டு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். நான் இங்கே பேசுவது ஆட்டத்தை மட்டும்.)

அப்படியானால் தமிழில் என்ன? ‘கூலிவீரர்’ வேண்டாம், கூலிப்படை ஞாபகம் வரும். ‘நாடோடி வீரர்’ தொழில் தெரிந்தவர் என்பதை விட்டுவிடுகிறது. ‘பல்லணியர்’ என்றால் பல்தான் நினைவுக்கு வரும். கைத்தொழில் பொருளில் ‘தேர்ந்த நாட்கூலித் தொழிலாளி’ என்று நீளமாகச் சொல்வதில் எனக்குச் சங்கடமில்லை, கூலி என்பது கேவலமான சொல்லும் இல்லை. விளையாட்டுக்கு ‘பல அணி கண்டவர்’ என்பதே என் தேர்வு. ‘பல களம் கண்டவர்’ என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதில் அலைச்சலும் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. நண்பருக்கு எழுதி அனுப்பியது இதுதான்: ‘பல அணி கண்ட ஓரக் காவலர்.’