யாரைப் பாத்தாலும் ஓடி வந்து ஒட்டிக்கிற குழந்தை

ஆதரவில்லாத குழந்தைங்க இருக்கற ஹோமுக்கு முதல் தடவை வர்றவங்க பெரும்பாலும் சொல்றது ஒண்ணுதான், "எவ்ளோ பாசம் பாருங்க, உள்ள வந்த உடனே வந்து கைய புடிச்சிக்கிட்டாங்க". நான் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகரா இருக்கேன், அத கேக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போயிடும். சின்னக் குழந்தைக்குப் புது ஆளப் பாத்தா கொஞ்சம் தயக்கம் வரணும், தெரிஞ்சவங்க பின்னாடி போய் ஒளியணும். ஒளிஞ்சிக்க ஆளே இல்லாத குழந்தைதான் பல நேரம் வர்றவங்க எல்லார் மடியிலயும் ஏறி உக்காரும்.

ருமேனியாவோட தலைநகர் புக்கரெஸ்ட்ல 2000ல ஒரு ஆய்வு தொடங்கினாங்க, ஹோம்ல இருந்த 136 குழந்தைங்கள்ல பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிட்டுப் பல வருஷம் கவனிச்சாங்க. குடும்பத்துக்குப் போனவங்க, அதுவும் ரெண்டு வயசுக்குள்ள போனவங்க, ஒருத்தர்கிட்ட நம்பிக்கையா ஒட்டிக்கறதுல நல்லா தேறினாங்க. சாப்பாடு, துணி, படுக்கை எல்லாம் ஹோம்லயும் இருந்துச்சு, "என் ஆளு"ன்னு சொல்லிக்க ஒருத்தர் இல்ல, ஷிப்டுக்கு ஷிப்டு முகம் மாறிட்டே இருந்துச்சு.

நகரத்துல ரோட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்ற பசங்க விஷயம் வேற மாதிரி. ராத்திரி சரியா தூங்க மாட்டாங்க, ஏன்னா வெளிய தூங்கினா ஆபத்துன்னு உடம்பு கத்துக்கிச்சு. ஒரு பையன் தலகாணி உறைக்குள்ள சாப்பாட்ட ஒளிச்சு வெச்சிட்டே இருந்தான், திருட்டுன்னு திட்டு வாங்கினான், அது திருட்டு இல்லங்க, நாளைக்கு கிடைக்குமாங்கற பயம். அவன் பேர எழுதி ஒரு டப்பா குடுத்து, அது எப்பவும் காலியாகாம பாத்துக்கச் சொன்னேன், சில வாரத்துல ஒளிக்கறது தானா கொறஞ்சிடுச்சு. சத்தமே போடாம சொன்னதெல்லாம் கேக்கற குழந்தைய "நல்ல பிள்ளை"ன்னு விட்டுடுவாங்க, எனக்கு அதுங்க மேலதான் அதிகக் கவலை.

இன்னொண்ணு, அப்பா அம்மா இறந்தத "ஊருக்குப் போயிருக்காங்க", "தூங்கறாங்க"ன்னு சொல்லாதீங்க. தூங்கறாங்கன்னு சொன்னா அந்தக் குழந்தை தூங்கவே பயப்படும், ஊருக்குன்னு சொன்னா வாசலயே பாத்துட்டு இருக்கும். இறந்துட்டாங்க, இனி வர மாட்டாங்க, உன்னால எதுவும் ஆகல, இப்ப உன்ன இவங்க பாத்துப்பாங்கன்னு எளிமையா சொல்லணும், திரும்பத் திரும்பக் கேக்கும், அதே பதில பொறுமையா சொல்லணும். அண்ணன் தங்கச்சிய பிரிச்சு வேற வேற எடத்துல போடறதும் அப்படித்தான், மிச்சமிருக்கற ஒரே சொந்தத்தையும் புடுங்கற வேலை, கூடுமானவரைக்கும் சேந்தே வெக்கணும்னு 2009ல ஐ.நா. வழிகாட்டுதலே சொல்லுது.

உதவ நெனைக்கறவங்க ஒரு நாள் கேக் வெட்டிட்டு "அடுத்த வாரம் வர்றேன்"னு சொல்லிட்டுப் போகாதீங்க, தயவுசெஞ்சு. மாசத்துக்கு ஒரு தடவைன்னாலும் அதே நாள்ல வாங்க, நிறுத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு, முகத்தப் பாத்து விடைபெறுங்க. என்கிட்ட வர்ற ஒரு பையன் புதுசா யார் வந்தாலும் மொதல்ல கேக்கறது "எத்தன நாள் இருப்பீங்க?"ன்னுதான். என்னயும் கேட்டான், செவ்வாய்க்கிழமை மட்டும், பரீட்சை முடியற வரைக்கும்னு சொன்னேன், நோட்டுல கோடு போட்டு எண்ணிக்கிட்டான்.