பட்டி பூசிய காரை வாங்க வருபவர் பையில் காந்தம் இருக்கும்

"காரை விக்கப் போறேன், பார்க்க நல்லா இருக்கிற மாதிரி மேல மட்டும் தட்டிக் குடுங்க" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது பட்டறைக்கு வந்துவிடுகிறார்கள். ராமேஸ்வரம் போகிற வழியில் உச்சிப்புளிப் பக்கம் இருபது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இப்படி வருகிறவர்களில் பாதிப் பேரை வேலை எதுவும் செய்யாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதில் எனக்கு நஷ்டம்தான், ஆனால் பட்டி என்கிற பசையைப் பூசித் துருவை மறைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்த வண்டிகள் நாலு மாதத்தில் வேறொருவர் கையில் சண்டையோடு திரும்பி வந்ததையும் இதே பட்டறையில்தான் பார்த்தேன்.

போன கோடையில் ரிட்டயர்டான வாத்தியார் ஒருவர் தன்னுடைய 2010 மாடல் ஆல்டோவைக் கொண்டுவந்தார். ஏசியில் காற்று வருகிறது, குளிர் இல்லை. பாம்பன் பாலம் ஏறும்போது இன்ஜின் இரைச்சல் கூடுகிறதே தவிர வண்டி வேகம் எடுக்கவில்லை, அதாவது கிளட்ச் வழுக்குகிறது. டிரைவர் பக்கம் கால்மிதியைத் தூக்கினால் தரையில் விரல் நுழையும் ஓட்டை. "தம்பி, எல்லாத்தையும் சரி பண்ணிட்டா எவ்வளவு கூட வரும்?" என்றார்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். கண்டென்சர் மாற்றி கேஸ் ஏற்ற ஏழாயிரம், கிளட்ச் செட் கூலியோடு ஆறாயிரம், தரையையும் கதவுக்குக் கீழே இருக்கிற ரன்னிங் போர்டையும் வெட்டித் தகடு வைத்துப் பெயின்ட் அடிக்க முப்பதாயிரம். இருக்கிற நிலையில் அந்த வண்டி தொண்ணூறாயிரம் போகும். எல்லாம் முடித்தாலும் ஒரு லட்சத்துப் பத்துக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். நாற்பத்து மூன்றாயிரம் போட்டு இருபதாயிரம் எடுப்பதற்கு எதற்கு சார் இந்தப் பாடு என்றேன்.

ஆனால் கிளட்ச்சை மட்டும் மாற்றச் சொன்னேன். ஓட்டிப் பார்க்க வருகிறவருக்கு வண்டி இழுக்கவில்லை என்றால் அது கிளட்ச்சா இன்ஜினா என்று தெரியாது, இன்ஜின் போச்சு என்று முடிவு கட்டி இருபதாயிரத்தைக் குறைத்துக் கேட்பார். பிரேக்கில் குறை இருந்தால் அதையும் சரி செய்துதான் கொடுக்க வேண்டும், அதில் லாப நஷ்டம் பார்க்கக் கூடாது. ஏசியை விட்டுவிடலாம், என்ன செலவாகும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குபவர் கையில் கொடுத்தால் போதும்.

துருதான் நம்ம ஊர் விவகாரம். மதுரையில் பதினைந்து வருடம் ஓடிய காரும் மண்டபத்தில் பதினைந்து வருடம் நின்ற காரும் ஒன்றல்ல. வடக்கிலிருந்து வாடை அடித்தாலும் தென்மேற்கிலிருந்து கச்சான் அடித்தாலும் இங்கே காற்றில் உப்பு வரும். தகட்டில் படிந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வெயில் காய்ந்தாலும் உள்ளே காயாது. உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில்தான் சோதனை நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் தனுஷ்கோடி மணலில் இறக்கி ஓட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். ரன்னிங் போர்டுக்குள் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகளை மணல் அடைத்துக்கொள்ளும், தகடு உள்ளேயிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும், மேலே பெயின்ட் கொப்புளம் தெரிகிறபோது உள்ளே பாதி போயிருக்கும்.

அதன் மேல் பட்டி பூசினால் துரு நிற்காது, அடியில் அது பாட்டுக்கு வேலை செய்யும். வாங்க வருகிறவர்களும் இப்போது விவரமாக வருகிறார்கள். ஒருமுறை மதுரையிலிருந்து வந்த பையன் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற பிள்ளையார் காந்தத்தை எடுத்து வீல் ஆர்ச்சில் வைத்தான், தகட்டில்தான் காந்தம் ஒட்டும், பட்டியில் ஒட்டவில்லை, பிள்ளையார் கீழே விழுந்தார், பேச்சும் அத்தோடு முடிந்தது. வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைப்பதும், புகை தெரியாமல் இருக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவதும் இதே ரகம். சூடாக்கி வைத்ததைப் பானெட்டைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நான் சொல்வது இதுதான்: லிப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து, ஓட்டையையும் சேர்த்து, நேரில் வரும் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். பாதிப் பேர் வர மாட்டார்கள். வருகிற பாதிப் பேர் தெரிந்து வருகிறார்கள், அவர்களிடம் துருவைக் காட்டி விலை குறைக்கிற பேச்சே எழாது.

அப்புறம் வயசு. சொந்தக் காருக்கு ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று 15 வருடம்தான், அதன்பின் ஆய்வுக்குக் காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணமே 5,000 ரூபாய் ஆனது. வாத்தியார் வண்டிக்கு அந்த அக்டோபரில் முடிவதாக இருந்தது. கட்டுமானம் உறுதியான வண்டி என்றால் புதுப்பித்துவிட்டு விற்பது நல்லது. இது அப்படி இல்லை, அதனால் தேதியைச் சொல்லியே விற்கச் சொன்னேன்.

பேப்பர் விஷயத்தில் மட்டும் நம்ம ஆட்கள் அநியாயத்துக்கு நம்பிக்கைக்காரர்கள். பெயர் மாற்றுகிற படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு வெறுமனே கொடுத்துவிட்டு, "அவர் மாத்திக்குவார்" என்று இருந்துவிடுகிறார்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. 2007-இல் விற்ற ஒரு கார் கைமாறிக் கைமாறிப் போய் 2009-இல் விபத்தில் சிக்கியது, ஆர்.சி.யில் பெயர் மாறாததால் முதலில் விற்றவர்தான் சட்டப்படி உரிமையாளர், அவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாவி கொடுக்கும் நாளையும் மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், வாங்குபவரின் அடையாள அட்டை நகலை வைத்துக்கொள்ளுங்கள், பணம் வங்கி வழியாக வரட்டும். லோன் போட்டு வாங்கியிருந்தால் கடன் அடைத்தது மட்டும் போதாது, ஆர்.சி.யில் ஹெச்.பி. என்கிற கடன் பதிவை நீக்கியாக வேண்டும். இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காததற்காகச் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல. அடுத்த கார் வாங்கும் எண்ணம் இருந்தால் கம்பெனியில் அதற்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாத்தியார் வண்டி பரமக்குடிக்காரர் ஒருவருக்குத் தொண்ணூற்றி ஐந்தாயிரத்துக்குப் போனது. தரை ஓட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லண்ணே, நானே வெல்டர்தான்" என்றார் அவர். பேப்பர் எல்லாம் சரியாக முடித்துக் கொடுத்த நிம்மதியில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வாத்தியாரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, வண்டி போகலூர் டோலைத் தாண்டிடுச்சு போல. காசு என் அக்கவுண்ட்ல இருந்து போயிருக்கு."

ஃபாஸ்டேக்கைக் கிழிக்க மறந்துவிட்டோம்.