கடைசியில் நின்ற வினைச்சொல்

1891 ஜூலையில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வெளியான ஒரு ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், தேதியோ கையெழுத்தோ முகவரியோ இல்லாத ஒரு கடிதம் அவர் கைக்கு வருகிறது. எழுதியவர் ஜெர்மன்காரர் என்று ஹோம்ஸ் அறிவதற்கு, ‘உங்களைப் பற்றி எல்லாத் தரப்பிலிருந்தும் இவ்வாறு கேள்விப்பட்டிருக்கிறோம்’ என்னும் பொருள்படும் ஒரே வாக்கியம் முக்கியச் சான்றாகிறது. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்ற துணைவினையும் ‘ரிசீவ்டு’ என்ற வினையும் பொதுவாக அடுத்தடுத்து நிற்க வேண்டும். கடிதத்திலோ ‘எல்லாத் தரப்பிலிருந்தும்’ என்ற தொடர் இரண்டுக்கும் இடையே புகுந்து, ‘ரிசீவ்டு’ என்பதை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளியிருந்தது. ஜெர்மன் இலக்கணம் கேட்பது இந்த வரிசையைத்தான். பிரெஞ்சில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒட்டியே வரும். ரஷ்ய மொழியில் இத்தகைய துணைவினையே கிடையாது. வினையை இறுதியில் வைத்தே பழகிய தமிழர், அந்த ஆங்கில வாக்கியத்தை உறுத்தலின்றிக் கடந்துவிடவும் கூடும்.

பிறமொழிச் சொற்களை நாம் தெரிந்தே கற்கிறோம். ஆனால் சொற்களை அடுக்கும் முறை குழந்தைப் பருவத்திலேயே படிந்துவிடுவதால், கவனம் சற்றுத் தளர்ந்தாலும் தாய்மொழியின் வரிசை மேலெழுந்துவிடுகிறது. மொழியியலார் இதைத் தாய்மொழித் தாக்கம் என்பார்கள்.

தனிச்சொல்லுக்கு இந்த நம்பகம் இல்லை. 1887-இல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலில், பிணம் கிடந்த அறையின் சுவரில் ‘ராஹ’ (Rache) என்ற ஜெர்மன் சொல் இரத்தத்தால் எழுதப்பட்டிருக்கிறது. ‘ரேச்சல்’ (Rachel) என்ற பெண்ணின் பெயரை யாரோ பாதியில் விட்டதாகக் காவல் அதிகாரி நினைக்க, அது ‘பழிவாங்கல்’ என்னும் பொருளுடைய முழுச் சொல் என்று ஹோம்ஸ் திருத்துகிறார். ஆனால் அதிலுள்ள ‘ஏ’ என்ற எழுத்து பழைய ஜெர்மன் அச்சுப் பாணியில் இருந்ததையும், உண்மையான ஜெர்மன்காரர் அவ்விடத்தில் இலத்தீன் வடிவத்தையே எழுதியிருப்பார் என்பதையும் காட்டி, இது திசைதிருப்ப முயன்ற ஒருவரின் வேலை என்கிறார். சொல்லைக் கடன் வாங்கிப் பொய்த்தடயம் செய்யலாம். பழக்கத்தை அவ்வளவு எளிதில் கடன் வாங்க முடியாது.

எழுத்துருவமும் ஏமாற்றும். அகதா கிறிஸ்டியின் 1934-ஆம் ஆண்டு ரயில் நாவலில், ஒரு கைக்குட்டையில் தைத்த எழுத்தை ஆங்கில ‘ஹெச்’ என்று கொண்டு அந்த எழுத்தில் தொடங்கும் பெயர்களைத் தேடுகிறார்கள். ரஷ்ய எழுத்துமுறையில் அதே வடிவம் ‘ந’ என்று ஒலிக்கும். கைக்குட்டைக்கு உரியவர் நதாலியா என்னும் ரஷ்ய இளவரசி.

அதே நாவலில் துப்பறியும் பெல்ஜியரான எர்க்யூல் புவாரோவின் ஆங்கிலம் இன்னும் நுட்பமானது. அவர் கடினமான ஆங்கிலச் சொற்களைத் தடையின்றிச் சொல்வார். ‘நண்பரே’ என்று விளிக்கும்போதோ, பிரெஞ்சில் ‘மோன் அமி’ என்பார். அந்நிய மொழி கற்பவர் முதல் வாரத்திலேயே கற்பது விளியையும் வணக்கத்தையும்தான் என்பதால், இது மொழியறியாதவரின் தடுமாற்றமாக எனக்குத் தோன்றுவதில்லை. கிறிஸ்டியின் வேறொரு நாவலில் புவாரோவே இதை ஒப்புக்கொள்கிறார்: தம்மால் செம்மையான ஆங்கிலம் பேச முடியும், ஆனால் உடைந்த ஆங்கிலம் கேட்ட ஆங்கிலேயர் தம்மை அலட்சியமாக நினைத்து, எச்சரிக்கையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.